கம்பியில்லாச் செய்திக்குச் செவி தந்த ஆசார்ய ஜகதீச சந்திர போஸ்

பிழைப்பின் பொருட்டுத் தமிழகத்தின் எல்லையைக் கடந்து வந்து, திருவேங்கட மலையின் அடிவாரத்தில் குடியமர்ந்து வாழும் நம் குடும்பங்களுக்கு, ஊரிலிருந்து வரும் செய்தியைவிட இனியது வேறொன்று இல்லை. ஒரு காலத்தில் தபால்காரரின் வரவை நோக்கி வாயிற்படியில் நின்றோம். தந்திச் சேவகர் வந்தால் உள்ளம் நடுங்கினோம். 2013ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நம் நாட்டில் தந்திச் சேவை நிறுத்தப்பெற்றது. இன்று வீட்டுக்கு ஒன்றல்ல, ஆளுக்கு ஒன்றாகக் கைபேசி வந்துவிட்டது. எனினும், செய்தி அனுப்பினேன் என்று ஒருவர் சாதிப்பதும், வந்து சேரவே இல்லை என்று மற்றவர் வருந்துவதும், அது காரணமாக உற்றார் உறவினரிடையே மனத்தாங்கல் உண்டாவதும் இன்னும் நின்றபாடில்லை.

செய்தியை அனுப்புதல் வேறு. செய்தி போய்ச் சேருதல் வேறு. ரயில்வேப் பணியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்துவிட்ட நமக்கு இவ்வேற்றுமை நன்கு தெரியும். கம்பியின் துணையுமின்றி வெட்டவெளியில் செல்லும் செய்தியை நம்பத்தக்க வகையில் பெறுதற்கு வழி தேடிய முன்னோடிகளுள் ஒருவர் நம் நாட்டவர். செடி கொடிகளுக்கு உணர்ச்சி உண்டு என்று காட்டியவர் என நம் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படிக்கும் ஜகதீச சந்திர போஸ் அவர்களே அவர். அவர் வாழ்வின் மற்றொரு பக்கத்தை இம்மலரின் வாயிலாக எடுத்துரைக்க விழைகின்றோம்.

பிறப்பும் கல்வியும்

போஸ் 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள், இன்று வங்காள தேசத்தில் உள்ள மைமன்சிங் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் பகவான் சந்திர போஸ் டெபுடி மாஜிஸ்திரேட் பதவி வகித்தவர். பிரம்ம சமாஜத்தைச் சார்ந்தவர். அக்காலத்தில் பெரிய உத்தியோகஸ்தர் வீட்டுப் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்குச் செல்வதே பெருமை எனக் கருதப்பட்டது. பகவான் சந்திரரோ தம் மைந்தனைத் தாய்மொழிப் பள்ளியில் சேர்த்தார். மீனவர் மக்களும் உழவர் மக்களும் அருகில் அமர்ந்து படித்தனர். ஆற்றையும் மீனையும் செடியையும் பற்றி அச்சிறுவர்கள் கூறிய கதைகளே போஸின் உள்ளத்தில் இயற்கையை ஆராயும் வேட்கையை முதன்முதல் விதைத்தன. அயல் மண்ணில் வாழ்ந்தும் பிள்ளைகளுக்குத் தாய்மொழி கற்பிக்கப் பாடுபடும் பெற்றோர்கள் இச்செய்தியை மனத்தில் கொள்வாராக.

பின்னர்க் கல்கத்தா செயின்ட் சேவியர் கல்லூரியில் பயின்றார். அங்கே லஃபோன் பாதிரியார் என்னும் பேராசிரியர் பௌதிகத்தைச் சோதனைகளால் விளக்கிக் காட்டும் வன்மை படைத்தவர். அவரிடம் பெற்ற பயிற்சி வீண்போகவில்லை. 1880இல் போஸ் மருத்துவம் பயில இங்கிலாந்து சென்றார். உடல்நலம் இடந்தராமையால் அதனை விடுத்துக் கேம்பிரிட்ஜில் இயற்கை விஞ்ஞானம் கற்றார். பெரும் பௌதிக அறிஞரான ராலே பிரபு அவருடைய ஆசிரியர்களுள் ஒருவர். 1884இல் பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பினார்.

பெறாத சம்பளம்

பிரிட்டிஷ் தபால் இலாகாவின் தலைவராக இருந்த ஹென்றி ஃபாசெட் என்பவர், அப்போதைய வைசிராயான ரிப்பன் பிரபுவுக்குப் போஸைப் பற்றிப் பரிந்துரைக் கடிதம் ஒன்று தந்தார். அதன் துணையால் 1885இல் போஸ் கல்கத்தா பிரசிடென்சிக் கல்லூரியில் பௌதிக ஆசிரியராக அமர்ந்தார். ஆயின், அந்நாளில் ஒரே பணி செய்யும் ஐரோப்பியர் பெறும் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கே இந்தியர்க்கு உரியதாயிருந்தது. தற்காலிக நியமனம் என்பதால் போஸுக்கு அதனினும் குறைத்தே வழங்க முன்வந்தனர்.

போஸ் கூச்சலிடவில்லை, வேலையை விட்டு விலகவுமில்லை. நாள்தோறும் வகுப்புக்குச் சென்று குறைவறப் பாடம் நடத்தினார். சம்பளத்தை மட்டும் தொட மறுத்தார். ஒரு திங்கள் இரு திங்கள் அல்ல, மூன்று ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. முதல் தேதியை எண்ணிக் காத்திருக்கும் நம்மனோர்க்கு இதன் அருமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. தந்தையார் பல தொழில்களில் பொருளை இழந்து கடன்பட்டிருந்த காலமும் அதுவே. 1887இல் அபலா தேவியாரை மணந்தார். இவ்வம்மையார் அதற்கு முன் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் என்பது தமிழர்க்கு மகிழ்வளிக்கும் செய்தியாகும். ஈற்றில் அதிகாரிகளே இறங்கிவந்தனர். முழுச் சம்பளம், வேலையில் சேர்ந்த நாள்முதல் கணக்கிட்டு ஒருசேர வழங்கப்பெற்றது. அத்தொகை தந்தையாரின் கடனைத் தீர்க்கப் பயன்பட்டது.

சிற்றறையில் பெருஞ்செயல்

மின்சாரமும் காந்தமும் கூடி அலைகளாகப் பரவும் என்பதை மாக்ஸ்வெல் என்னும் ஸ்காத்லாந்து அறிஞர் கணிதத்தால் கண்டார். ஜெர்மானியராகிய ஹெர்ட்ஸ் 1887, 1888ஆம் ஆண்டுகளில் அவ்வலைகளை உண்டாக்கிக் காட்டினார். 1894ஆம் ஆண்டுப் பிறப்பன்று, தம் 36ஆம் வயதில், ஹெர்ட்ஸ் மறைந்தார். அதே ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் தமக்கு 36 வயது நிரம்பியபோது, இனி ஆராய்ச்சியே தம் வாழ்வு எனப் போஸ் உறுதி பூண்டார்.

ஆராய்ச்சிக்கெனத் தனிக் கூடம் ஏதும் கல்லூரியில் இல்லை. ஒரு சிற்றறையே கிடைத்தது. அதன் பரப்பு 24 சதுர அடி என்பர். முறையான பயிற்சியில்லாத தகரக் கொல்லர் ஒருவரைத் துணைக்கொண்டு போஸ் தம் கருவிகளைத் தாமே சமைத்தார். ஹெர்ட்ஸ் கையாண்ட அலைகள் நீளமானவை; அவற்றை ஆராயப் பெரிய கருவிகள் வேண்டியிருந்தன. போஸோ 5 மில்லிமீட்டர் முதல் 25 மில்லிமீட்டர் வரை நீளமுள்ள நுண்ணலைகளைத் தோற்றுவித்தார். அதனால் கருவிகள் யாவும் ஒரு மேசைமேல் அடங்கின. ஒளியைப் போலவே இவ்வலைகளும் பிரதிபலிப்பதையும் வளைவதையும் அவர் நிறுவினார்.

ரயில்வேக் குடும்பத்தார்க்கு ஒரு சுவையான செய்தி. அலைகளை ஒரு திசையில் மட்டும் அதிரும்படி வடிகட்ட அவருக்கு ஒரு சாதனம் தேவைப்பட்டது. பிராட்ஷா என்னும் ரயில்வே கால அட்டவணைப் புத்தகத்தை எடுத்து, அதன் ஏடுகளுக்கிடையே ஈயத் தாள்களைச் செருகினார், வடிகட்டி ஆயிற்று! வங்காளத்தில் மலிந்து கிடக்கும் சணலை முறுக்கியும் அத்தகைய சோதனைகளை அவர் செய்ததுண்டு. பொருளில்லை, கருவியில்லை என்று சோர்ந்து அமர்வோர் இதனைக் கருதுக.

1895இல் கல்கத்தா நகர மண்டபத்தில் கவர்னர் முதலிய பெருமக்கள் முன்னிலையில் ஒரு காட்சி நடத்தினார். இடையே சுவர்கள் நிற்க, சுமார் 75 அடிக்கு அப்பால் இருந்த மணி ஒலித்தது, வெடிமருந்து தீப்பற்றியது. கம்பி எதுவும் இல்லை. 1896இல் லண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் அளித்தது. 1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் தம் கருவிகளை இயக்கிக் காட்டி ஆங்கில அறிஞரை வியக்கவைத்தார்.

தட்டினால் கேட்கும் காது

அலையை எழுப்புவது ஒரு பாதி. அதனைக் கேட்பது மறு பாதி. அந்நாளில் கேட்கும் கருவியாக இருந்தது கோஹீரர் என்பது. கண்ணாடிக் குழாயில் உலோகத் தூளை நிரப்பியிருப்பார்கள். சாதாரணமாக அத்தூளின் வழியே மின்சாரம் எளிதில் ஓடாது. அலை வந்து படின் தூள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்; மின்சாரம் ஓடும்; செய்தி வந்ததென அறியலாம். குறை யாதெனில், ஒட்டிய தூள் ஒட்டியபடியே நின்றுவிடும். அடுத்த அலை வந்தாலும் அதற்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் ஒரு சிறு சுத்தியால் குழாயைத் தட்டித் தூளைப் பிரிக்க வேண்டும். ஒரு சொல்லைக் கேட்டவுடன் செவிடாகி, தோளில் தட்டினால் மட்டுமே அடுத்த சொல்லைக் கேட்கும் ஒருவரிடம் அவசரச் செய்தி சொல்வது போன்றது இது. போதாக்குறைக்குக் கல்கத்தாவின் ஈரக்காற்றில் அத்தூள் துருவேறி நம்பத்தகாததாயிற்று.

போஸ் முதலில் தூளை நீக்கி, நுண்ணிய எஃகுச் சுருள்களை வரிசையாக அடுக்கித் திருகாணியால் அழுத்தத்தைத் திருத்தும் கருவியைச் செய்தார். பிறகு அதனினும் சிறந்ததொன்றை ஆக்கினார். ஒரு சிறு கிண்ணத்தில் பாதரசம். அதன்மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம். அப்படலத்தைக் கிழிக்காமல் தொட்டும் தொடாமலும் நிற்கும் இரும்புத் தட்டு. அலை வரும்போது எண்ணெய்ப் படலத்தின் தடை நீங்கும்; இணைத்துள்ள டெலிபோனில் ஒலி கேட்கும். அலை நின்றதும் கருவி தானே பழைய நிலைக்கு மீண்டு, அடுத்த செய்திக்கு ஆயத்தமாகும். தட்ட வேண்டியதில்லை! இதனை விளக்கும் கட்டுரை 1899 ஏப்ரலில் லண்டன் ராயல் சொசைட்டியில் படிக்கப்பெற்றது.

கருவியும் புகழும்

1901ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் இத்தாலியராகிய மார்க்கோனி, இங்கிலாந்திலிருந்து அட்லாண்டிக் கடலைத் தாண்டி வந்த செய்தியை நியூஃபவுண்ட்லாந்தில் கேட்டதாக அறிவித்தார். மும்முறை ஒலித்த புள்ளிகளே அச்செய்தி. அன்று அவர் காதில் வைத்திருந்த டெலிபோனுடன் இணைந்திருந்தது பாதரசம் கொண்ட ஒரு கோஹீரர். இத்தாலியக் கடற்படையைச் சேர்ந்த நண்பர் அதனை அவருக்குத் தந்தார். அக்கருவியின் மூலம் போஸின் 1899ஆம் ஆண்டுக் கட்டுரையே என 1998இல் அமெரிக்காவின் ஐ.இ.இ.இ. என்னும் பொறியாளர் கழகத்தின் ஏட்டில் ஓர் ஆராய்ச்சியாளர் சான்றுகளுடன் வாதித்துள்ளார். மார்க்கோனியின் உழைப்பைக் குறைத்து மதிப்பிடுவது நம் கருத்தன்று. நெடுந்தூரத்துக்குச் செய்தி அனுப்பும் தொழிலை உலகெங்கும் நிலைநாட்டியவர் அவரே. 1909இல் பிரவுன் என்பவருடன் நோபல் பரிசு பெற்றார். கனியை உலகுக்கு வழங்கினவரைப் போற்றும்போது வேருக்கு நீர் வார்த்தவரையும் மறவாதிருத்தல் கடன் என்பதே நாம் கூறுவது.

பொருளீட்டும் வாய்ப்பு போஸையும் தேடி வந்தது. 1901இல் லண்டனில் தந்திக் கம்பெனி முதலாளி ஒருவர், கருவியின் நுட்பத்தை வெளியிடாதிருந்தால் உரிமைப் பதிவு பெற்று லாபத்தில் பங்கு தருவதாக வேண்டினார். போஸ் மறுத்துவிட்டார், அறிவு எல்லார்க்கும் பொது என்பது அவர் கொள்கை. நண்பர்களாகிய சகோதரி நிவேதிதையும் சாரா புல் அம்மையாரும் வற்புறுத்தியதன் பேரிலேயே, கலீனா என்னும் ஈயத் தாதுப் படிகத்தால் அலையை உணரும் கருவிக்கு அமெரிக்காவில் பதிவு கோரப்பட்டது. 1904இல் 7,55,840 என்னும் எண்ணுடன் உரிமை கிடைத்தது. அதனைக் கொண்டு அவர் பணம் ஈட்ட முயலவில்லை. டிரான்சிஸ்டர் முதலியன பிறந்த அரைக்கடத்தித் துறையில் வழங்கப்பெற்ற முதல் உரிமைப் பதிவு இதுவேயாகும் என்று இன்றைய அறிஞர் மதிக்கின்றனர்.

கருவிகள் இடைவிடாது உழைத்தால் சோர்வடைவதையும், ஓய்வு தந்தால் மீள்வதையும் போஸ் கவனித்தார். உயிரற்ற உலோகமே இவ்வாறு நடந்தால் உயிருள்ள செடி எவ்வாறு நடக்கும் என்னும் வினா எழுந்தது. அதன்பின் அவர் வாழ்வு தாவர ஆராய்ச்சியில் திரும்பியது. எதிர்ப்புகள் பல நேர்ந்தன. எனினும் 1917இல் ஸர் பட்டமும், 1920இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் பதவியும் வந்தன. 1917ஆம் ஆண்டு தம் பிறந்தநாளன்று கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். 1937 நவம்பர் 23ஆம் நாள், 79 வயது நிரம்ப ஒரு வாரமே இருக்கையில், கிரிடி என்னும் ஊரில் காலமானார். மார்க்கோனி மறைந்ததும் அதே ஆண்டு ஜூலையில்தான்.

மௌனம் சம்மதம் அன்று

கேட்கும் காது விழித்திருக்க வேண்டும் என்பதன் இன்றியமையாமையை 1912 ஏப்ரலில் உலகம் கண்ணீருடன் கற்றது. டைட்டானிக் கப்பல் மூழ்கும்போது கம்பியில்லாத் தந்தியில் அபயக் குரல் எழுப்பியது. அருகில் நின்ற கலிபோர்னியன் கப்பலின் தந்திக்காரர் அன்றைய வேலை முடிந்து படுக்கைக்குச் சென்றுவிட்டார். தொலைவிலிருந்த கார்ப்பேதியா கேட்டு விரைந்து வந்ததால் சுமார் 700 பேர் பிழைத்தனர். 1,500 பேருக்கு மேல் மாண்டனர். அனுப்பியவர் பக்கம் குறையில்லை. அண்மையில் இருந்த காதுதான் உறங்கிற்று.

இல்லற வழக்கில் மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பர். ரயில்வேயில் அவ்வாறு கொள்ள இயலாது. ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் அடுத்த ஸ்டேஷனிடம் டெலிபோன் வாயிலாக லைன் கிளியர் கேட்டால், சரி என்னும் சொல் மட்டும் போதாது. அங்குள்ளவர் தம்மிடம் உள்ள அச்சிட்ட தாளிலிருந்து பிரைவேட் நம்பர் ஒன்றைக் கூற வேண்டும். இவர் அதனைப் பதிவேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். எண் வராவிட்டால் வழி இல்லை என்பதே பொருள். பார்சல் ஆபீசிலும் அப்படியே. பத்து மூட்டைகள் புறப்பட்டால் வே-பில்லில் பத்து என்று இருக்கும். இறங்கியவை ஒன்பதானால், எந்த மூட்டை குறைகிறது என்று உடனே விசாரணை எழும்.

கைபேசி வழியே செல்லும் செய்தியும் இம்முறையையே பின்பற்றுகின்றது. நாம் அனுப்பும் ஒரு படமோ கடிதமோ முழுதாகச் செல்வதில்லை. சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் ஓர் எண்ணையும், உள்ளிருப்பது சிதையவில்லை எனச் சரிபார்க்கும் ஒரு கணக்கையும் சுமந்து புறப்படுகின்றது. மழை, மலை, கட்டடம், ஓடும் ரயில், மற்றக் கைபேசிகளின் இரைச்சல் ஆகியவற்றால் வழியில் சில சிதையக்கூடும். பெறுபவர் பக்கத்துக் கருவி கணக்கைச் சரிபார்த்து, இன்ன எண் வந்தது, இன்ன எண் வரவில்லை எனத் திருப்பித் தெரிவிக்கும். வராததும் சிதைந்ததும் மீண்டும் அனுப்பப்படும். குறித்த நேரத்தில் மறுமொழியே வராவிடின், சேரவில்லை என்றே கொண்டு மறுபடி அனுப்பும். இவையாவும் கண்ணிமைப்பதற்குள் நிகழ்கின்றன. ரேணிகுண்டாவிலிருந்து காட்பாடி செல்லும் வண்டியில் நாம் பேசிக்கொண்டே போகும்போது, ஒரு கோபுரம் நம்மை அடுத்த கோபுரத்திடம் ஒப்படைப்பதும் இடையறாது நடைபெறுகின்றது. வெட்டவெளி நம்பத்தகாதது, அதனை நம்பத்தக்கதாக்குவது எண்ணும் சரிபார்ப்பும் மறுமொழியுமே.

ரயில் விபத்தைத் தடுக்க நம் நாட்டிலேயே உருவான கவச் என்னும் ஏற்பாட்டிலும் எஞ்சினும் ஸ்டேஷனும் வானொலி அலையால் உரையாடுகின்றன. தென் மத்திய ரயில்வேயில் 2016இல் பயணி வண்டிகளில் இதன் சோதனை தொடங்கிற்று. சிவப்பு விளக்கைத் தாண்ட முற்படும் வண்டியைத் தானே நிறுத்துவது இதன் பணி. இங்கே ஒரு செய்தி சேராமற்போவது மனத்தாங்கலோடு முடியும் காரியமன்று. ஆயிரம் உயிர்களின் காரியமாகும்.

போஸின் நுண்ணலைகளும் நூறாண்டு உறங்கிப் பின் விழித்துக்கொண்டன. 2022இல் நம் நாட்டில் 5ஜி சேவைக்காக ஏலம் விடப்பட்ட அலைவரிசைகளுள் 26 கிகாஹெர்ட்ஸ் ஒன்று. அவ்வலையின் நீளம் சுமார் 11.5 மில்லிமீட்டர். போஸ் தம் மேசைமேல் விளையாடிய அலைகளின் எல்லைக்குள்ளேயே அது அடங்குகின்றது. குறைந்த ஆற்றலில் நெடுந்தூரம் செல்லும்போது சுவரும் மழையும் அதனைத் தளர்த்துவதால், சரிபார்ப்பும் மறுமொழியும் அங்கே மிகுதியும் வேண்டப்படுகின்றன. 2012இல் ஐ.இ.இ.இ. கழகம் போஸின் சோதனைகளை வரலாற்று மைல்கல்லாக ஏற்றுச் சிறப்பித்தது.

நம் ஊரிலிருந்து சித்தூர் செல்லும் வழியில் உள்ள காதங்கியில் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடம் அமைந்துள்ளது. அங்கே 1024 ஆன்டெனாக்கள் கொண்ட ரேடார் வானத்தை நோக்கி 53 மெகாஹெர்ட்ஸ் அலைகளை அனுப்பி, காற்றிலிருந்து திரும்பும் மிக மெல்லிய எதிரொலியைக் கேட்கின்றது. ஒரு முறை கேட்டால் இரைச்சலில் மறைந்துவிடும் என்பதால், பலமுறை அனுப்பிக் கேட்டவற்றைக் கூட்டி உண்மையைப் பிரித்தெடுக்கின்றனர். செவியைக் கூர்மையாக்கும் போஸின் தவம் நம் வாயிலருகிலேயே தொடர்வதை நம் கல்லூரி மாணவர்கள் அறிதல் வேண்டும்.

போஸின் வாழ்விலிருந்து நாம் கொள்ளத்தக்கவை பல. உரிமையைக் கடமை தவறாமலே கேட்கலாம் என்பது ஒன்று. கையில் கிடைத்த கால அட்டவணையைக் கொண்டும் உலகம் வியக்கும் ஆராய்ச்சி செய்யலாம் என்பது மற்றொன்று. எல்லாவற்றினும் மேலாக, சொல்பவரின் ஆற்றலைவிடக் கேட்பவரின் விழிப்பே செய்திக்கு உயிர் என்பதை அவர் பாதரசக் கிண்ணம் நமக்கு உணர்த்துகின்றது. ஊரில் தனித்திருக்கும் முதியவர் பேரப்பிள்ளையின் நலம் கேட்டு எழுதினால், படித்தோம் என்று எண்ணி வாளா இருந்துவிடாமல், கிடைத்தது, நலமே என்று இரு சொல் திருப்பி எழுதுவோமாக. அவ்விரு சொல் சேரும் வரையில் அம்முதியவருக்கு லைன் கிளியர் இல்லை.

வாழ்க ஆசார்ய போஸ் அவர்களின் புகழ்! வளர்க நம் சங்கம்!